சந்தியாகோவும் சந்தியாப்பிள்ளையும்

சிலி நாட்டின் தலைநகரும் யாழ்ப்பாணத்துச் சந்தியாப்பிள்ளையும் ஒரு பெயரினரே என்றால் வியப்பீர்கள். இயேசுவின் சீடரான யாகப்பரை ஸ்பானியர் 'சந்தியாகோ' என்பர். 'சாந்தோ' என்றால் புனிதர். 'யாகோ' என்பது யாக்கோபு. ஆகவே, 'புனித சந்தியாகப்பர்' என நாம் சொல்லும்போது 'புனித' என்பது இருமுறை வந்துவிடுகிறது.

1515இல் கியூபாவிலும் 1541இல் சிலியிலும் ஸ்பானியர் தாம் நிறுவிய நகரங்களுக்கு இப்பெயரையே இட்டனர். வாளோடு சென்றோர் சூட்டிய பெயர் அது. நம் கரைக்கும் போர்த்துக்கேயரோடு வந்ததே. ஆனால், தமிழர் அதனோடு 'அப்பர்' என்றும் 'பிள்ளை' என்றும் சேர்த்துக்கொண்டனர். கிளாலிக் கோயிலில் அவர் யாகப்பர்.

சைவனாகிய எனக்கும் அப்பர் என்றால் திருநாவுக்கரசர் நினைவே முதலில் வரும். அச்சொல்லையே பிற சமயத்துப் புனிதருக்கும் வழங்கிய மொழி எமது மொழி. இனி, சந்தியாப்பிள்ளை என்பதை அந்நியப் பெயரென்று எவ்வாறு ஒதுக்குவது?