பந்தயத் தட ஓட்டத்துக்கான கார் மாற்றியமைப்பு

பந்தயத் தட ஓட்டத்துக்கான கார் மாற்றியமைப்பு என்பது, சாலைப் பயன்பாட்டுக்கென உற்பத்தி செய்யப்பட்ட ஒரு தானுந்தின் பிரேக், சஸ்பென்சன் ஆகிய அமைப்புகளை, மூடிய பந்தயத் தடத்தில் தொடர்ந்து விரைவாக ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றுவதாகும். எஞ்சினின் திறனைக் கூட்டுவதற்கு முன் இவ்விரண்டையும் சீரமைப்பதே பாதுகாப்பான ஒழுங்காகக் கருதப்படுகிறது. சாலையில் நன்றாக இயங்கும் பிரேக், தடத்தில் சில சுற்றுகளிலேயே வெப்பத்தால் செயலிழக்கக்கூடும் என்பது இதற்கு முதன்மைக் காரணம்.

சென்னையில் பின்னணி

சென்னை, இந்திய மோட்டார் பந்தயத்தின் முக்கிய மையங்களுள் ஒன்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. இதன் முழு நீளம் 3.717 கி.மீ, திருப்பங்கள் 12. சென்னையில் பிறந்த நரேன் கார்த்திகேயன் (2005), கருண் சந்தோக் (2010) ஆகிய இருவரும் பார்முலா ஒன் பந்தயங்களில் ஓட்டியவர்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி அமைந்த தற்காலிகத் தடத்தில் இரவுப் பந்தயம் நடத்தப்பட்டது.

நகரின் மையப் பகுதியில் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலை கார் உதிரிபாகக் கடைகளுக்கும், புதுப்பேட்டை பழைய உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்றவை. பழைய பிரேக் டிஸ்க்குகளைத் தடத்தில் பயன்படுத்துவது ஆபத்தானது. தேய்ந்த டிஸ்க்கின் நிறை குறைவு என்பதால் அது விரைவில் சூடேறும். அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவு தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரேக் அமைப்பு

பிரேக், காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 144 கி.மீ வேகத்திலிருந்து 72 கி.மீ வேகத்துக்குக் குறையும்போது 600 கிலோசூல் ஆற்றல் வெளிப்படும். இதில் 70 விழுக்காட்டை முன் பிரேக்குகள் ஏற்பதாகவும், முன் டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் 5 கிலோ எடையுள்ளவை எனவும் கொண்டால், ஒருமுறை பிரேக் பிடிப்பதால் மட்டும் அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 90 °செ உயரும். இது குளிர்வதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுவதால் வெப்பம் சுற்றுக்குச் சுற்று கூடுகிறது.

இதனால் இருவகைக் கோளாறுகள் ஏற்படும். பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் உராய்வு குறையும். மிதி கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. பிரேக் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதி தரைவரை அமிழ்ந்துவிடும். வழக்கமான மாற்றங்கள் பின்வருமாறு:

* பிரேக் திரவம்: செலவு குறைந்ததும் முதலில் செய்யவேண்டியதும் இதுவே. புதிய திரவத்தின் குறைந்த அளவு கொதிநிலை டாட் 3 வகைக்கு 205 °செ, டாட் 4 வகைக்கு 230 °செ, டாட் 5.1 வகைக்கு 260 °செ ஆகும். இத்திரவங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் சேர்ந்த டாட் 4 திரவத்தின் கொதிநிலை 155 °செ வரை இறங்கலாம். கடலோர நகரமான சென்னையின் ஈரப்பதத்தில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.
* பிரேக் பேட்: தடத்துக்கான பேட்கள் உயர் வெப்பத்திலும் உராய்வை இழப்பதில்லை. ஆனால் அவற்றுள் பல, குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காதவை. எனவே தி.நகர் போன்ற நெரிசல் மிக்க பகுதிகளில் அன்றாடம் ஓட்டும் காருக்கு ஏற்றவை அல்ல.
* எஃகு இழை பின்னிய குழாய்: அழுத்தத்தில் ரப்பர் குழாயை விடக் குறைவாக விரிவதால் மிதி உறுதியாக அமையும்.
* பெரிய டிஸ்க்: கூடுதல் வெப்பத்தை ஏற்கும். சக்கரங்களை நிறுத்திப் பூட்டும் ஆற்றல் பழைய பிரேக்குக்கே இருக்குமானால், பெரிய டிஸ்க் ஒருமுறை நிற்கும் தொலைவைக் குறைக்காது. அத்தொலைவை முடிவு செய்வது டயரின் பிடிப்பே.

சஸ்பென்சன் அமைப்பு

திருப்பத்தில் காரின் எடை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எடை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகியவற்றின் பெருக்கலைச் சக்கர இடைவெளியால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். 1,000 கிலோ கார், 0.9 ஜி முடுக்கம், 0.55 மீட்டர் உயரம், 1.45 மீட்டர் இடைவெளி எனில் ஏறத்தாழ 341 கிலோ மாறுகிறது. காரை 30 மி.மீ தாழ்த்தினால் இது 323 கிலோ ஆகும். அதாவது பயன் 5 விழுக்காடு அளவே. காரை மிகவும் தாழ்த்தினால் சஸ்பென்சன் அசையும் தொலைவு குறைந்து, மேடுகளில் டயர் தரைப்பிடிப்பை இழக்கும்.

எனவே சுருள்வில்லுடன், அதற்கு இணையான ஷாக் அப்சார்பரையும் மாற்றுவது இன்றியமையாதது. சுருள்வில்லை வெட்டிக் குட்டையாக்குவது ஆபத்தான முறையாகும். முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார்கள், திருப்பத்தில் திரும்ப மறுத்து நேராகச் செல்ல முனைகின்றன. முன்சக்கரங்களின் மேற்பகுதியை உட்புறமாகச் சாய்க்கும் எதிர்மறை கேம்பர், பின்புறத்தில் கெட்டியான உருள்தடுப்புத் தண்டு ஆகியவை இதைக் குறைக்கும். அதிகக் கேம்பர், நேர்ச்சாலையில் டயரின் உள்விளிம்பைத் தேய்க்கும்.

நகரச் சாலையும் பந்தயத் தடமும்

மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளிலிருந்து தடத்துக்கு வருவோர் பலர் அதே காரிலேயே வீடு திரும்ப வேண்டியுள்ளது. வேகத்தடைகளும், வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீரும், அதில் மறையும் பள்ளங்களும் உள்ள சாலைகளில் தாழ்த்தப்பட்ட, விறைப்பான கார் எளிதில் சேதமடையும். இத்தகைய காருக்குப் புதிய திரவம், இடைத்தர பேட், நல்ல டயர், நல்ல நிலையிலுள்ள புஷ்கள் ஆகியவையே பெரும்பாலும் போதுமானவை.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிவகுத்தது. அரசின் இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது 189ஆம் பிரிவின்படி குற்றமாகும். இந்தியாவின் வழக்கமான மோட்டார் காப்பீடு, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் உள்ளடக்குவதில்லை. ஆகவே தடத்தில் நேரும் சேதத்தின் செலவை உரிமையாளரே ஏற்க நேரிடும்.