மறதிக்குப் பெயர் கிடைத்த வரலாறு

முதுமையில் அறிவு தடுமாறுவது புதிய செய்தியன்று. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட சீராக்கின் ஞான நூலிலேயே, அறிவு குன்றிய தந்தையிடம் பொறுமை காட்டும் கடமை பிள்ளைகளுக்கு நினைவூட்டப்படுகிறது. ஆயினும் அத்தடுமாற்றத்துள் ஒரு நோய் மறைந்திருப்பது கடந்த நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தம் பெயரைக்கூட அவரால் சரிவர எழுத இயலவில்லை. தம்மையே இழந்துவிட்டதாகச் சொல்லி வருந்தினார். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் தம் கேள்விகளையும் அவருடைய மறுமொழிகளையும் பொறுமையுடன் குறித்துவைத்தார். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் நகரில் இதனை எடுத்துரைத்தபோது, கூடியிருந்த மருத்துவர் எவரும் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. 1910-இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

பெயரிட்ட பின்னரும் பயன் உடனே விளையவில்லை. நடுத்தர வயதினரைத் தாக்கும் அரிய நோய் என்றே இது நெடுங்காலம் கருதப்பட்டது. முதியோரின் மறதியோ வயதின் இயல்பென ஒதுக்கப்பட்டது. 1960-களில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் முதியோர் மூளைகளை ஆராய்ந்த பின்னரே இக்கருத்து மாறத் தொடங்கியது. நம் நாட்டில் 1992-இல் கேரளத்தில் இந்நோயாளிகளுக்கெனச் சங்கம் தோன்றியது. 1997-இல் வெளியான திருப்போரூர்க் கிராம ஆய்வு, அறுபது கடந்தோரில் 3.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உண்டெனக் காட்டிற்று. மேல்நாட்டு நோய், நகரத்து நோய் என்னும் எண்ணம் அதனால் பொய்த்தது.

ஓமலூர் வட்டாரத்து வீடுகளுக்கும் இது பொருந்தும். இந்நோயுற்றவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்வார். காலையில் உண்டதை மறப்பார். சந்தைக்குச் சென்றவருக்கு வீடு திரும்பும் வழி தெரியாது. பின்னர்ப் பணக்கணக்கு, பிள்ளைகளின் பெயர், ஆடை உடுத்தும் முறை என ஒவ்வொன்றாய் நழுவும். இறுதியில் உணவை விழுங்குவதும் அரிதாகும். கைப்பழக்கம் மட்டும் சற்று நீடிக்கும். பேரனின் பெயரை மறந்த நெசவாளரின் கை தறியை மறக்காதிருக்கலாம்.

உண்டதை மறந்த மாமியார், மருமகள் சோறிடவில்லை என்று அண்டை வீட்டில் முறையிடுகிறார். ஊரார் மருமகளைப் பழிக்கின்றனர். நோயின் பெயர் தெரியாத வீட்டில் இருவரும் குற்றவாளிகளாகின்றனர். பெயர் தெரிந்தால் இருவரும் இரக்கத்திற்குரியவர்கள் என்பது விளங்கும்.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும் தைராய்டு சுரப்புக் குறை, வைட்டமின் பி12 குறை போன்றவையும் மறதி தரும், அவற்றைக் குணப்படுத்தலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டாமல் வயதுக் கோளாறு என்று நாமே முடிவு கட்டலாகாது. பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருத்தியே இரவெல்லாம் கண்விழித்துக் காக்கிறாள். உடன்பிறந்தோரும் உற்றாரும் வாரத்தில் ஓரிரவேனும் அப்பொறுப்பை ஏற்றால் அவளும் உறங்குவாள்.