மூன்றாம் வகுப்பு கற்பித்த பாடம்

பஸ் நிலையத்துக் கக்கூஸ் நாறினால் நிர்வாகத்தைத் தூற்றுவது நம்மவர் வழக்கம். தூற்றுவது நியாயமே, ஆயினும் அது பாதி நியாயமே.

1917 செப்டம்பரில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் பிரயாணஞ் செய்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கான பெட்டியில் அதற்கு மேலும் ஜனங்கள் அடைக்கப்பட்டனர். வழி நெடுகப் பெட்டி ஒருமுறையேனும் பெருக்கப்படவில்லை, கக்கூஸ் கழுவப்படவில்லை, தொட்டியில் தண்ணீருமில்லை. இக்கொடுமையை அவர் பத்திரிகைகளுக்கு எழுதினார்.

ஆனால் அதிகாரிகளை மட்டுமா கண்டித்தார்? கண்ட இடத்தில் குப்பை எறிந்து, வெற்றிலை குதப்பி, பெட்டி முழுவதையும் எச்சிற் படிக்கமாக்கிய பிரயாணிகளையும் தம் சுயசரிதையில் கண்டித்தார். அவர் கூறிய பரிகாரம் ஒன்றே: படித்தவர்கள் மூன்றாம் வகுப்பில் ஏறவேண்டும்; ஜனங்களின் பழக்கத்தைத் திருத்தவேண்டும்; முறையீடுகளால் அதிகாரிகளை உறங்கவிடலாகாது.

கோலா சாவாவில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நாமோ, கார் வாங்கியதும் பஸ் நிலையத்தை மறந்தோம். தோட்டத்துத் தாய்மாரும் பெண்மக்களும் இன்னும் அங்கே மூக்கைப் பொத்தி நிற்கின்றனர். படியாதவரைப் பழிக்குமுன், படித்த நாம் பஸ்ஸேறுவோமாக!