ஷார்ட் கார்னர் ராஜா: ஒரே ஒரு வேலை செஞ்ச மனுஷன்

அமெரிக்காவுல 'ஃபுட்பால்'னு ஒரு ஆட்டம் ஆடறாங்க. ஆன்சைட் போய் வந்த நம்ம மக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேருல ஃபுட் இருக்கே தவிர, கையில தூக்கிக்கிட்டு ஓடறதுதான் பெரும்பாலான நேரம். காலால உதைக்கறதுக்குன்னே டீமுல ஒருத்தரைத் தனியா சம்பளம் கொடுத்து வெச்சிருப்பாங்க. பிளேஸ்கிக்கர்னு பேரு. மூணு மணி நேர மேட்ச்ல அவர் களத்துல இருக்கிறது மொத்தமா சில நிமிஷம்தான். மத்தவங்க எல்லாம் முட்டி மோதி மண்ணுல புரண்டுட்டு இருக்கும்போது, இவர் மடிப்புக் கலையாத சட்டையோட ஓரத்துல நின்னுட்டு இருப்பார். கூப்பிட்டா வரணும், உதைக்கணும், போகணும். போட்டா "அதுக்குத்தானே சம்பளம்?"னு சொல்வாங்க. விட்டா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.

கேரி ஆண்டர்சன்னு ஒருத்தர். தென்னாப்பிரிக்காவுல பிறந்தவர். 1998 சீசன்ல மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக லீக் ஆட்டங்கள்ல 35 தடவை ஃபீல்டு கோலுக்கு உதைச்சார். 35-ம் உள்ளே. ஒண்ணு கூடத் தவறலை. அடுத்து 1999 ஜனவரி 17, அரையிறுதி மாதிரியான ஒரு ஆட்டம். 38 யார்டு தூரம். போட்டிருந்தா மேட்ச் கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி. வெளியே போயிடுச்சு. அதுக்கப்புறம் எதிரணி சமன் செஞ்சு, கூடுதல் நேரத்துல அவங்க உதைகாரர் அதே 38 யார்டுல இருந்து உதைச்சு ஜெயிச்சார். அவர் பேரு மார்ட்டன் ஆண்டர்சன்! டென்மார்க்காரர். ரெண்டு ஆண்டர்சன், ரெண்டு பேருமே வெளிநாட்டுக்காரங்க, ஒரே தூரம், ஒரே சாயங்காலம். மார்ட்டன் 382 மேட்ச் ஆடி, 2544 புள்ளி எடுத்து, 2017-ல ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டார். கேரின்னு சொன்னா இன்னைக்கும் ஜனங்க ஞாபகத்துக்கு முதல்ல வர்றது அந்த ஒரு உதைதான். 35-ம் அதுக்குப் பின்னாடிதான்.

சரி, இதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? நம்ம ஊர்லயும் இந்த மாதிரி ஒரு ஜாதி உண்டு. ஹாக்கியில பெனால்டி கார்னர் அடிக்கறவங்க. அதுல நமக்கு ஒரு ராஜாவே இருந்தார். பிரித்திபால் சிங். தயான் சந்த் பேரு தெரியாதவங்க கிடையாது. இவர் பேரைச் சொன்னா "யாரு?"னு கேக்கறவங்கதான் அதிகம். அதனாலதான் இந்தப் பதிவு.

ஷார்ட் கார்னர்னா என்ன?

ஹாக்கி தெரிஞ்சவங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடலாம். கோலுக்கு முன்னாடி 'டி' மாதிரி ஒரு வளையம் போட்டிருப்பாங்க. அதுக்குள்ள எதிரணி தப்பு பண்ணினா, உதாரணமா பந்து அவங்க கால்ல பட்டா, பெனால்டி கார்னர். ஷார்ட் கார்னர்னும் சொல்வாங்க. எல்லைக்கோட்டுல இருந்து ஒருத்தர் பந்தைத் தள்ளிவிடணும். வளையத்து விளிம்புல ஒருத்தர் அதை நிறுத்தணும். மூணாவது ஆள் அடிக்கணும். எதிராளிங்க கோல் கோட்டுக்குப் பின்னால இருந்து அடிக்கறவரைப் பாத்து ஓடி வருவாங்க. தள்ளி, நிறுத்தி, அடிக்க எல்லாம் சேர்த்து ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். அவ்வளவுதான்.

இப்போ நீல நிற செயற்கைத் தரையில பந்து வழுக்கிட்டு வருது. அப்போ புல்தரை. பந்து குதிக்கும், திரும்பும். கையாலேயே பந்தை நிறுத்தலாம்னு அப்போ விதி இருந்தது. அது பின்னாடி போயிடுச்சு. நிறுத்தின பந்தை மட்டையை ஓங்கி ஒரே அடி. இன்னைக்கு நாம பாக்கற டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையோட இழுத்து வீசற வித்தை, அப்போ கிடையாது. எதிர்ல ஓடி வர்றவங்களுக்கு முகக்கவசமும் கிடையாது. பிரித்திபால் அடியை மறிக்க வந்தவங்க நிலைமையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

நன்கானா சாஹிப்ல இருந்து லூதியானாவுக்கு

பிரித்திபால் பிறந்தது 1932 ஜனவரி 28, நன்கானா சாஹிப்ல. குரு நானக் பிறந்த அதே ஊர். 1947-ல கோடு போட்டப்போ அந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போயிடுச்சு. பதினஞ்சு வயசுப் பையன் குடும்பத்தோட இந்தப் பக்கம் வந்தான். லூதியானாவுல விவசாயக் கல்லூரியில சேர்ந்து முதுகலை வரைக்கும் படிச்சார். ஹாக்கியும் அங்கேதான் வளர்ந்தது. அப்புறம் பஞ்சாப் போலீஸ்ல வேலை. பின்னாடி ரயில்வே.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவா சொல்லிடணும். அமெரிக்க உதைகாரர் மாதிரி பிரித்திபால் ஓரத்துல நின்னவர் இல்லை. அவர் ஃபுல்பேக். 70 நிமிஷமும் தடுப்பு வேலை பாத்துட்டு, கார்னர் கிடைச்சா முன்னாடி போய் அடிச்சுட்டு, திரும்பவும் தன் இடத்துக்கு ஓடி வரணும். நம்ம பாஷையில சொன்னா, தினப்படி ஆணியும் புடுங்கணும், ரிலீஸ் ராத்திரி புரொடக்‌ஷன்ல தகராறுன்னா முதல் ஃபோனும் இவருக்குத்தான்.

ரோம், டோக்கியோ

1928-ல இருந்து 1956 வரைக்கும் ஆறு ஒலிம்பிக்ஸ், ஆறும் இந்தியாவுக்குத் தங்கம். 1960 ரோம்தான் பிரித்திபாலுக்கு முதல் ஒலிம்பிக்ஸ். ஃபைனல்ல பாகிஸ்தான் 1-0-ன்னு ஜெயிச்சது. முப்பத்திரண்டு வருஷக் கணக்கு அன்னிக்கு முடிஞ்சது. அடுத்த வருஷம் அர்ஜுனா விருதை முதன்முதலா கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஹாக்கிக்கான முதல் அர்ஜுனா பிரித்திபாலுக்கு. ஆனா ஜகார்த்தா ஆசியப் போட்டி, 1962, அங்கேயும் ஃபைனல்ல பாகிஸ்தான்கிட்ட தோல்வி.

1964 டோக்கியோ. ஒன்பது மேட்ச்ல இந்தியா போட்டது 22 கோல். அதுல ஏறக்குறைய பாதி இந்த ஒரே ஆளோட மட்டையில இருந்து வந்தது. ஒரு ஃபுல்பேக்! கிரிக்கெட்ல சொல்லணும்னா, எட்டாவதா இறங்கறவர் டீம் ரன்ல பாதியை எடுத்த கதை.

அக்டோபர் 23, ஃபைனல். திரும்பவும் பாகிஸ்தான். ரெண்டு பக்கமும் பதட்டம். இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். பிரித்திபால் அடிச்சார். பந்து கோலுக்குள்ள போற வழியில பாகிஸ்தானோட முனீர் தார் கால்ல பட்டு நின்னுடுச்சு. நடுவர் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தார். அதை அடிச்சுக் கோலாக்கினது மொஹிந்தர் லால். மிச்ச நேரம் முழுக்க கோல்கீப்பர் சங்கர் லக்ஷ்மண் சுவரா நின்னார். 1-0. தங்கம் திரும்பி வந்தது.

ஸ்கோர் புத்தகத்துல அந்த ஒரே கோலுக்கு நேரா இருக்கிற பேரு மொஹிந்தர் லால். நியாயம்தான், அடிச்சது அவர். ஆனா அந்த ஸ்ட்ரோக் வந்ததே பிரித்திபால் அடியாலதான். அதுக்கு ஸ்கோர் புத்தகத்துல கட்டம் கிடையாது. தான் பிறந்த ஊர் இருக்கிற நாட்டுக்கு எதிரா, தன் வாழ்க்கையோட பெரிய மேட்ச்ல, அவர் பேருல கோல் இல்லாமலே ஜெயிச்சார்.

நம்ம ஊர் பீட்டர்

இதே தர்க்கத்தை இன்னும் ஒரு படி பின்னாடி இழுத்தா, இந்தக் கதையில நம்ம சென்னை வருது. ரோம், டோக்கியோ, மெக்சிகோ மூணு ஒலிம்பிக்ஸ்லயும் பிரித்திபால்கூட ஆடினவர் வி.ஜே. பீட்டர். மெட்ராஸ்ல பிறந்தவர், முன்வரிசை ஆட்டக்காரர். அவர் தம்பி வி.ஜே. பிலிப்ஸ் 1972, 1976 ஒலிம்பிக்ஸ் ஆடினார், 1975-ல உலகக் கோப்பை ஜெயிச்ச அணியிலயும் இருந்தார். அண்ணன் தம்பிக்குள்ள அஞ்சு ஒலிம்பிக்ஸ்!

ஷார்ட் கார்னர் வானத்துல இருந்து விழறது இல்லை. பீட்டர் மாதிரி முன்வரிசைக்காரங்க பந்தை வளையத்துக்குள்ள கொண்டு போய், எதிராளியைத் திணறடிச்சு, தப்பு பண்ண வெச்சாத்தான் கார்னரே கிடைக்கும். அதை எண்ணி வெச்சவங்க யாரு? முன்வரிசைக்காரர் உழைப்பு கார்னர்ல கரையுது, கார்னர்காரர் உழைப்பு ஸ்ட்ரோக்ல கரையுது. கடைசியா தொட்டவர் பேரு மட்டும் மிச்சம்.

பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர்னு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ரயில்வேயும் பட்டாளமும் இருந்த இடத்துல எல்லாம் ஹாக்கியும் இருந்தது. இன்னைக்கு எங்க பல்லாவரத்துல மைதானம்னு ஒண்ணு கண்ணுல பட்டா அங்கே ஸ்டம்புதான் நட்டிருக்கு. அது வேற புலம்பல், தனிப்பதிவா போடறேன்.

மெக்சிகோவும் அதுக்கு அப்புறமும்

1966 பாங்காக் ஆசியப் போட்டியில தங்கம். 1967-ல பத்மஸ்ரீ. 1968 மெக்சிகோவுக்கு யார் கேப்டன்ங்கறதுல சண்டை. பிரித்திபாலா, குர்பக்ஸ் சிங்கா? நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச தீர்வு: ரெண்டு பேரும் கேப்டன்! ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு மேனேஜர் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரையிறுதியில ஆஸ்திரேலியாகிட்ட 1-2 தோல்வி. மேற்கு ஜெர்மனியை ஜெயிச்சு வெண்கலம். ஹாக்கியில இந்தியா ஒலிம்பிக்ஸ் ஃபைனலுக்கே போகாம திரும்பினது அதுதான் முதல் தடவை. அத்தோட பிரித்திபால் மட்டையைக் கீழே வெச்சார். கையில தங்கம், வெள்ளி, வெண்கலம் மூணும் இருந்தது.

தான் படிச்ச லூதியானாவுக்கே வேலைக்குப் போனார். அந்தக் கல்லூரி அதுக்குள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் ஆகியிருந்தது. மாணவர் நலனைப் பாத்துக்கற இயக்குநர் பதவி. பஞ்சாப் கொதிச்சுட்டு இருந்த காலம். 1983 மே 20 அன்னிக்கு, அந்த வளாகத்துலயே அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. வயசு 51. பிரிவினையில தப்பிச்சு வந்த பையன், தன்னை வளர்த்த கல்லூரி மண்ணுலயே போய்ச் சேர்ந்தார்.

அப்புறம்?

அவர் விட்டுட்டுப் போன வேலை நிக்கலை. இன்னும் சொல்லப்போனா இன்னைக்கு ஹாக்கியே அந்த வேலையை நம்பித்தான் ஓடுது. பாகிஸ்தானோட சோஹைல் அப்பாஸ் டிராக் ஃபிளிக்கை வெச்சே 348 கோல் போட்டார்னு சொன்னா பெரிய பொய் ஆகாது. 2023 ஆகஸ்ட்ல எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல ஆசியச் சாம்பியன்ஸ் டிராஃபி நடந்தது. பல்லாவரத்துல மின்சார ரயில் ஏறினா நேரா எழும்பூர். ஃபைனல்ல மலேசியாவோட 1-3-ல பின்தங்கி, 4-3-ன்னு இந்தியா ஜெயிச்சது. அந்தப் போட்டியில அதிக கோல் ஹர்மன்பிரீத் சிங், 9. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்லயும் அவர்தான் டாப், 10 கோல். அவரும் தடுப்பாட்டக்காரர். அவரும் கார்னர் ஸ்பெஷலிஸ்ட். அறுபது வருஷத்துக்கு முன்னாடி புல்தரையில ஒருத்தர் போட்ட பாதை அது.

"ஒரே ஒரு வேலைதானே செய்யறான்"னு நாம ரொம்ப லேசா சொல்லிடறோம். அந்த ஒரு வேலையை, எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போது, ரெண்டு செகண்டுக்குள்ள, தப்பே இல்லாம, வருஷக்கணக்குல செய்யறது எவ்வளவு பெரிய வேலைன்னு கேரி ஆண்டர்சனைக் கேட்டா சொல்வார். பிரித்திபாலைக் கேக்க முடியாது.

அடுத்த தடவை ஹாக்கி பாக்கும்போது கார்னர் கிடைச்சா, பின்னாடி தன் இடத்துல இருந்து மெதுவா நடந்து வர்ற அந்தத் தடுப்பாட்டக்காரரைக் கவனிங்க. கோல் விழுந்தா, அந்த கார்னரை வாங்கிக் கொடுத்தது யாருன்னும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேளுங்க. அநேகமா யாருக்கும் ஞாபகம் இருக்காது.