கொக்கோ இன மேம்பாட்டில் டிரினிடாட்டின் பங்கு: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

மேம்படுத்தப்பட்ட கொக்கோ வகைகளின் வழிமரபைப் பின்தொடர்ந்தால், அவற்றில் மிகப் பல 1930-களில் டிரினிடாட் தீவில் திரட்டப்பட்ட சில மரங்களிடம் நம்மைக் கொண்டு சேர்க்கும். நோய் எதிர்ப்பும் விளைச்சலும் அம்மரங்களிலிருந்து எவ்வாறு கிடைத்தன, குறுகிய அந்த அடித்தளம் பின்னர் என்ன இடரை விளைவித்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தீவுக்குள் நடந்த தேர்வு

டிரினிடாட்டில் முதலில் பயிரானது கிரியோலோ என்ற கொக்கோ வகை. மணம் மிக்கது, ஆனால் நலிவானது. 1727-இல் அத்தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வெனிசுவேலாவிலிருந்து ஃபொராஸ்டெரோ வகை வந்தது. எஞ்சிய கிரியோலோவுடன் அது இயல்பாகக் கலந்து டிரினிடாரியோ உருவானது. விதைவழிப் பெருகிய இந்தக் கலப்பில் மரத்துக்கு மரம் காய்ப்பு வேறுபட்டது.

1928-இல் துடைப்ப நோய் தீவை எட்டியது. இந்தப் பூஞ்சை நோய் தாக்கிய தளிர்கள் துடைப்பம்போல் கொத்தாகக் கிளைக்கும், காய்கள் கெட்டுப்போகும். செயின்ட் அகஸ்டினில் இயங்கிய இம்பீரியல் வெப்பமண்டல வேளாண் கல்லூரியின் எஃப். ஜே. பவுண்ட், தோட்டந்தோறும் ஆராய்ந்து 100 மரங்களைத் தேர்ந்தெடுத்தார். ஐ.சி.எஸ். (இம்பீரியல் கல்லூரித் தேர்வு) 1 முதல் 100 வரை எண்ணிடப்பட்ட அவற்றில் விளைச்சலும் பருத்த விதையும் இருந்தன. துடைப்ப நோயைத் தாங்கும் ஆற்றல் போதவில்லை.

மேல் அமேசான் பயணம்

நோயும் மரமும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இடத்தில்தான் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கும் என்று கருதிய பவுண்ட், 1937-38-இல் ஈக்குவடார், பெரு நாடுகளின் மேல் அமேசான் பகுதிக்குச் சென்றார். இக்கிட்டோஸ் வட்டாரத்திலும் நனாய், மொரோனா ஆற்றுப் பகுதிகளிலும் திரட்டியவை பார்படோசில் தனிமைப்படுத்தப்பட்டு, அதன் பின்னரே டிரினிடாட்டை அடைந்தன. அவற்றுள் ஸ்கவினா 6, ஸ்கவினா 12 இரண்டும் நோய்க்கு நன்கு ஈடுகொடுத்தன. அவற்றின் குறை, விதை மிகச் சிறியது என்பதே. 1950-களில் டபிள்யூ. இ. ஃப்ரீமன் நடத்திய கலப்புப் பணி இந்த எதிர்ப்பையும் ஐ.சி.எஸ். மரங்களின் விதைப் பருமனையும் ஒருங்கிணைத்தது. டி.எஸ்.எச். (டிரினிடாட் தேர்வுக் கலப்பினம்) எனப்படும் கலப்பினங்கள் அதன் பயனே.

கானாவில் பரவல்

மாவுப்பூச்சிகள் பரப்பும் தண்டு வீக்க நச்சுயிரி நோய் 1936-இல் கானாவில் பதிவானது. நோயுற்ற மரங்களை வெட்டி அழிப்பதே அங்கு முதன்மைத் தடுப்புமுறையாயிற்று. 1944-இல் ஏ. எஃப். போஸ்னெட் மேல் அமேசான் வகைகளை டிரினிடாட்டிலிருந்து அங்கே கொண்டு சென்றார். அங்கு முன்பே பயிரான அமெலொனாடோ வகையைவிட இவை விரைவில் வேர்கொண்டு, முன்னதாகவே காய்த்து, மிகுதியாக விளைந்தன. தன் மகரந்தத்தை ஏற்காத மரங்கள் இவற்றில் பல. அப்பண்பைப் பயன்படுத்தி, தெரிந்த இரு பெற்றோரிலிருந்து கலப்பின விதையைப் பெருமளவில் எடுக்க விதைத்தோட்டங்கள் எழுந்தன. நச்சுயிரிக்குக் கிடைத்தது ஓரளவு தாங்குதிறன் மட்டுமே. முழு எதிர்ப்பு வாய்க்கவில்லை.

குறுகிய அடித்தளத்தின் விலை

டிரினிடாட்டில் நிலைத்த ஸ்கவினா எதிர்ப்பு, ஈக்குவடாரில் துடைப்ப நோய்ப் பூஞ்சையின் வேறு வகைகளிடம் தோற்றது. 1989-இல் அந்நோய் பிரேசிலின் பாகியா மாநிலத்தை அடைந்தபோது தோட்டங்களில் பெரும்பகுதி எளிதில் தாக்குண்ணும் மரங்கள். பத்தாண்டு காலத்தில் அந்நாட்டின் விளைச்சல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாற்றாக நடப்பட்ட முதல் வகைகளும் ஸ்கவினாவையே பெரிதும் சார்ந்திருந்ததால் அங்கும் எதிர்ப்பு நாளடைவில் தளர்ந்தது.

2008-இல் மொட்டமயோர் குழுவினரின் மரபணு ஆய்வு கொக்கோவைப் பத்துக் குழுக்களாகப் பகுத்தது. இன மேம்பாட்டாளர் கையாண்டது அந்த மரபணுப் பரப்பில் ஒரு சிறு பகுதியையே என்பது அதனால் தெளிவானது.

முடிவுரை

ஒரு கொக்கோக் கலப்பினத்தை மதிப்பிடப் பத்தாண்டுக்கும் மேல் ஆகிறது. பூஞ்சையோ அதற்குள் பல தலைமுறை மாறிவிடும். ஆகவே ஓரிரு மரங்களின் எதிர்ப்பை நம்பும் மேம்பாடு நிலைக்காது. வெவ்வேறு மூலங்களின் எதிர்ப்பை ஒரே வகையில் சேர்ப்பதே நீடித்த வழி. அதற்குரிய மூலப்பொருள் டிரினிடாட்டின் பன்னாட்டு கொக்கோ மரபணு வங்கியில் பேணப்படும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளிலும் மேல் அமேசான் காடுகளிலும் உள்ளது. அவற்றைக் காப்பதையும் இன மேம்பாட்டுப் பணியின் ஒரு பகுதியாகக் கருதி நிதி ஒதுக்க வேண்டும்.