மஞ்சளாகிப் போன சிதம்பரம் கப்பலும் மணவாளக்குறிச்சி கருமணலும்

எங்க வீட்டு ஹால் கண்ணாடி அலமாரியில ஒரு கப்பல் இருக்கு. ரெண்டடி நீளம், தேக்குக் கட்டையில செதுக்கினது. தாத்தா 1979ல சிங்கப்பூர்லருந்து எம்.வி. சிதம்பரத்துல ஏறி ஊருக்குத் திரும்பினவர். வந்து ரெண்டு வருசம் கழிச்சு, பார்த்த ஞாபகத்துல செஞ்சது. உடம்பு முழுக்க வெள்ளை எனாமல், அடியில செவப்பு. இப்போ அந்த வெள்ளை, பழைய பல்லு கலர்ல இருக்கு.

"அந்தக் கப்பல் கொக்கு மாதிரி இருந்துச்சுடா. நாகப்பட்டினத்துல கரையில நின்னு நான் பார்த்தேன். இதென்ன மஞ்சக்காமாலை வந்தது மாதிரி? பெயிண்ட் அடிச்சு வையி" - இது அப்பத்தா. எம்பது தாண்டியாச்சு, சொன்னா சொன்னதுதான். ஒரு சனிக்கிழமை ஆணி எதுவும் இல்லாததால உப்புத்தாள், பிரைமர், வெள்ளை எனாமல் எல்லாம் வாங்கிட்டு வந்து உக்காந்தேன்.

முதல்ல சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சேன். நாப்பது வருச ஊதுபத்திப் புகை துணியில வந்துச்சு. மஞ்சள் மட்டும் போகலை. அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். ஜன்னலைப் பார்த்து நின்ன பக்கம் ஓரளவு வெள்ளையா இருக்கு, சுவரைப் பார்த்து நின்ன பக்கம் நல்ல மஞ்சள். வெயில் பட்டாத்தானே எதுவும் வெளுத்து மஞ்சளாகும்? இங்க தலைகீழா இருக்கே?

உப்புத்தாளைக் கீழ வச்சுட்டு படிக்க ஆரம்பிச்சவன்தான் மக்களே, ரெண்டு மாசமா பெயிண்டே அடிக்கலை :-)

முதல்ல நிஜக் கப்பல் கதை. சிதம்பரம் பொறந்தது பிரான்ஸ்ல, டன்கிர்க் கப்பல் கட்டும் துறையில. 1966ல ஓட ஆரம்பிச்சப்போ அதுக்குப் பேரு 'பாஸ்டர்', வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்ச அதே பாஸ்டர்தான். சொந்தக்காரங்க மெசாஜெரி மாரித்திம் கம்பெனி. அவங்க பயணிக் கப்பல்களுக்கு வெள்ளைதான் அடையாளம். 1970களின் தொடக்கத்துல நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி சிதம்பரம்னு பேரு வச்சு மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓட்டினாங்க. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளும் பொட்டியும் படகுல வரும். அப்பத்தா கொக்குன்னு சொன்னது அந்தத் தூரத்தைத்தான். 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு பல பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் கப்பல் ஓடலை, உடைக்க வித்துட்டாங்க. நாகப்பட்டினம் - மலேயா பயணிக் கப்பல் போக்குவரத்தும் அத்தோட முடிஞ்சது.

கப்பலுக்கு ஏன் வெள்ளை? நிலக்கரி காலத்துல கரி ஏத்தி இறக்கினா எல்லாம் அழுக்காகும், அதனால பெரும்பாலும் கறுப்புதான் அடிப்பாங்க. வெள்ளை அடிக்கிறது ஒரு பந்தா. 1907ல அமெரிக்கா 16 போர்க்கப்பல்களுக்கு வெள்ளையடிச்சு உலகத்தைச் சுத்திட்டு வர அனுப்பிச்சது. 1908 டிசம்பர்ல அது கொழும்புல நின்னுச்சு. (அதே டிசம்பர்ல, தூத்துக்குடி - கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. ஜெயில்ல இருந்தார். என்ன சொல்ல.) ஊருக்குத் திரும்பினதும் அந்த 16க்கும் சாம்பல் அடிச்சுட்டாங்க. சண்டைக்கு வெள்ளை ஆகாது. ஆனா ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு வெள்ளை கட்டாயம், அந்தக் காலத்துல அதோட பச்சைப் பட்டையும் இருந்துச்சு. 1914ல மெட்ராஸ் மாகாணத்து யுத்த நிதியில 'டாண்டா'ங்கிற கப்பலை அப்படி மாத்தி 'மெட்ராஸ்'னே பேரு வச்சு அனுப்பினாங்க. வெப்ப நாட்டுக் கடல்ல வெள்ளை அடிச்சா உள்ள சூடு குறையும்ங்கிற நடைமுறைக் காரணமும் உண்டு. 1931ல பி அண்ட் ஓ கம்பெனி ஸ்ட்ராத்நேவர் கப்பலை வெள்ளையில விட்டப்புறம் அது ஒரு ஃபேஷனாவே ஆயிருச்சு.

சரி, எந்த வெள்ளை? கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பல நூறு வருசமா எண்ணெய்ப் பெயிண்ட்ல வெள்ளைன்னா ஈய வெள்ளை. (வெள்ளீயம் வேற, அது பாத்திரத்துக்குப் பூசுறது.) ஈயத் தகட்டை வினிகர்ப் பானையில வச்சு, சாணிக் குவியல்ல மாசக்கணக்கா மூடி வச்சா மேல வெள்ளையாப் பூக்கும். அதைச் சுரண்டி அரைச்சா பெயிண்ட். அரைச்சவனுக்கும் அடிச்சவனுக்கும் வயித்து வலி, கை விளங்காமப் போறது. கப்பலுக்கு இன்னொரு தொல்லை. துறைமுகச் சாக்கடையிலருந்து வர்ற அழுகின முட்டை வாசனை வாயு பட்டா ஈய வெள்ளை கறுத்துப் போகும். 19ஆம் நூற்றாண்டுல துத்தநாக வெள்ளை வந்தது. கறுக்காது, விஷம் கம்மி, ஆனா மூடுற சக்தி பத்தாது, வெடிப்பு விடும். 1921ல ஜெனீவாவுல தொழிலாளர் மாநாடு கூடி, கட்டட உள்வேலைக்கு ஈய வெள்ளை கூடாதுன்னு உடன்படிக்கை போட்டது. அது பேசின நேரத்துல மாற்று தயாரா இருந்துச்சு: டைட்டானியம் டை ஆக்சைடு. 1910களின் கடைசியில நார்வேயிலயும் அமெரிக்காவுலயும் தொழிற்சாலையில செய்ய ஆரம்பிச்சிருந்தாங்க.

அதுல என்ன விசேஷம்? கோலமாவு காய்ஞ்சிருந்தா பளிச்சுன்னு தெரியும், தண்ணி பட்டா மங்கிரும். காரணம் மாவுக்கும் தண்ணிக்கும் ஒளியை வளைக்கிறதுல வித்தியாசம் கம்மி. சுண்ணாம்பை எண்ணெயில குழைச்சாலும் இதே கதை, வெள்ளை காணாமப் போயிரும். எண்ணெயோட ஒளிவிலகல் எண் 1.5, ஈய வெள்ளை 2 பக்கம், டைட்டானியம் 2.5க்கு மேல. எண்ணெய்க்குள்ள போட்டாலும் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும்.

இந்த வெள்ளைக்கு மூலம் இல்மனைட்னு ஒரு கருமணல். அது கிடைக்கிற முக்கியமான இடங்கள்ல ஒண்ணு நம்ம மணவாளக்குறிச்சி! 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர், திருவிதாங்கூர்லருந்து இறக்குமதியான தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மணலைச் சோதிச்சு, அதுல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். மோனசைட்ல தோரியம். தோரியம் எதுக்கு? கேஸ் விளக்கு மேண்டிலுக்கு. ஆமா, கவுண்டமணியும் செந்திலும் போட்டு உடைச்சாங்களே, அதே பெட்ரோமாக்ஸ் மேண்டில்தான் :-) ஷோம்பர்க் நேரா கிளம்பி வந்து மணவாளக்குறிச்சியில ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் உளவாளின்னு பிடிச்சுட்டாங்க. மோனசைட்டை எடுத்தது போக மிச்சம் கிடந்த இல்மனைட் வெறும் கழிவு. 1920கள்ல டைட்டானியம் வெள்ளைக்குக் கிராக்கி வர, அந்தக் கழிவு கப்பலேற ஆரம்பிச்சது. 1930கள்ல உலகத்து இல்மனைட்ல பெரும்பகுதி திருவிதாங்கூர் மணல். குமரி மாவட்டம் அப்போ திருவிதாங்கூர், 1956லதான் நம்மகிட்ட வந்தது. மணலை மட்டும் வித்தா எப்படின்னு 1946ல திருவனந்தபுரத்துல டைட்டானியம் கம்பெனி தொடங்கினாங்க. மணலைக் கந்தக அமிலத்துல கரைச்சு இரும்பைப் பிரிச்சுட்டா கறுப்பு போயிரும், மிச்சம் வெள்ளை. தாத்தா 1981ல வாங்கின டப்பாவுல இருந்தது அந்த வெள்ளையா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

போய்ப் பார்த்துரலாம்னு தோணுச்சு. நமக்குத்தான் மாட்டுத்தாவணி பக்கத்துலயே இருக்கே, ராத்திரி நாகர்கோவில் பஸ் ஏறி உக்காந்தா விடியறப்ப வடசேரி. அங்கேர்ந்து டவுன் பஸ். கடற்கரையில அலை ஏறி இறங்குற இடத்துல கரிக்கோடு கிழிச்ச மாதிரி மணல். பழைய ஹார்டு டிஸ்க்கை உடைச்சு எடுத்த காந்தத்தைக் கொண்டு போயிருந்தேன். வச்சதும் மீசை மாதிரி ஒட்டிக்கிச்சு. அந்தக் காந்தத்துல இருக்கிற நியோடிமியமும் மோனசைட்ல கிடைக்கிற பொருள்தான்! மணலைத் தட்டி அங்கேயே விட்டுட்டேன், அணுக் கனிமம், எடுத்துட்டு வரக்கூடாது. அந்த ஊருக்கு வெள்ளையால கிடைச்சது வேலை மட்டும் இல்லை. கரை அரிப்பு, கதிர்வீச்சு பயம், மணல் கொள்ளை வழக்குகள்னு பட்டியல் நீளம். 2013ல தமிழக அரசு தென் மாவட்டங்கள்ல தனியார் தாதுமணல் அள்ளுறதையே நிறுத்துச்சு. அது தனிப் பதிவா எழுத வேண்டியது.

இப்போ கப்பலுக்கு வருவோம். மஞ்சளானது டைட்டானியம் இல்லை, அது மஞ்சளாகாது. அதைப் பிடிச்சு வச்சிருக்கிற எனாமல் எண்ணெய்தான் மஞ்சளானது. எண்ணெய்ப் பெயிண்ட் இருட்டுல இருந்தா மஞ்சளாகும், வெளிச்சம் பட்டா அந்த மஞ்சள்ல பெரும்பங்கு திரும்ப வெளுக்கும். ஜன்னல் பக்கம், சுவர் பக்கம் ரகசியம் இவ்வளவுதான். (நிஜக் கப்பல்ல பிரச்சினை வேற. வெயில் எண்ணெயையே தின்னுரும், கையில சுண்ணாம்பு மாதிரி ஒட்டும்.)

இன்னொண்ணு. பழைய எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல கூடாதுன்னு விதி அமலுக்கு வந்தது 2017லதான். 1981 பெயிண்ட்ல, முக்கியமா அந்த அடிச் செவப்புல, எவ்வளவு ஈயம்னு யாருக்குத் தெரியும்? அந்தத் தூசி ஹால்ல பறந்திருந்தா, தவழ்ந்து திரியிற அக்கா பையன் வாயிலதான் போயிருக்கும். நினைச்சாலே திக்குங்குது. போதாக்குறைக்கு வெள்ளையில தாத்தாவோட பிரஷ் மயிர் ஒண்ணு ஒட்டிக் காய்ஞ்சு கிடக்கு, தேய்ச்சா அதுவும் போயிரும்.

அதனால பெயிண்ட் அடிக்கலை. மஞ்சள் பக்கம் மேல வர்ற மாதிரி சாய்ச்சு, கண்ணாடிப் பெட்டியைக் கவுத்து, மொட்டை மாடியில மூணு வாரம் வச்சேன். மதுரை வெயிலைச் சும்மா சொல்லக்கூடாது. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணாயிருச்சு. பெயர்ந்திருந்த ஒரு இடத்துக்கு மட்டும் புது எனாமல் தொட்டு வச்சேன். டப்பா வெள்ளை சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி தனியாத் தெரிஞ்சுது, துளி மஞ்சள் கலந்ததும்தான் சேர்ந்துச்சு.

அப்பத்தாகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு. "பரவாயில்ல. இன்னும் கொஞ்ச நாள் வெயில்ல கிடக்கட்டும்"னுச்சு.

கப்பல் இப்போ மறுபடியும் மாடியில.