கடல்கோளும் உளப்பணியும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல்கோள் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர்க் கரைகளைச் சிதைத்தது. கிண்ணியா வைத்தியசாலையும் தப்பவில்லை. போரால் முன்னரே நொந்திருந்த மக்களின் உளத்துயர் தீர்க்க விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவர் எங்ஙனம் போதுவர்? 2005இல் இலங்கை வகுத்த உளநலக் கொள்கை, இப்பணியை மாவட்டந்தோறும் பரப்ப முனைந்தது.

இதையொத்த வினாவிற்கு இங்கிலாந்து 2008இல் ஒரு விடை கண்டது. 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிகைச் சிகிச்சையின் வழிவந்த முறைகளை எளிய படிகளாக்கி, மருத்துவரல்லாதார்க்கு ஓராண்டுப் பயிற்சி அளித்தது. துயரால் கைவிட்ட அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீட்டெடுக்கத் துணைநிற்றல் அவற்றுள் ஒன்று.

சொல்லே மருந்தாகும் இம்முறையில் துயருற்றோரின் தாய்மொழியே கருவி. ஆதலின், இத்தகைய பட்டப்பின் பயிற்சி தமிழிலும் அமைதல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அதற்கு உரிய களமாகும்.